பெங்களூரில் பி.யு.சி. பிசிக்ஸ்: தமிழ்நாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளுக்கு

பத்தாவதைத் தமிழ்நாட்டில் முடித்துவிட்டு, அப்பாவுக்கு வேலை மாற்றல் என்றோ சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்றோ பெங்களூருக்கு வந்து பர்ஸ்ட் பி.யு.வில் (நம்ம ஊர் பதினொன்றாவது) சயின்ஸ் எடுக்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அல்சூரில் என் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ட்யூஷன். ஜூலை மாதம் வந்து உட்காரும்போது எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "சார், டென்த்ல சயின்ஸ்ல நல்ல மார்க்கு. இங்க பிசிக்ஸ் மட்டும் ஒண்ணுமே புரியல." நோட்டை வாங்கிப் புரட்டினால் தெரிந்துவிடும். பாதிப் பேருக்குக் கணக்கு இடிக்கிறது, மீதிப் பேருக்கு வார்த்தை இடிக்கிறது. பிசிக்ஸ் வரைக்கும் யாரும் இன்னும் போகவே இல்லை. அதனால் இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யும் வழியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியவை

கர்நாடகத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பி.யு.சி. (ப்ரீ யுனிவர்சிட்டி கோர்ஸ்) என்று பெயர். அவை பள்ளியில் இருக்காது, பி.யு. காலேஜில் இருக்கும். சயின்ஸில் பி.சி.எம்.பி., பி.சி.எம்.சி., பி.சி.எம்.இ. என்று பிரிவுகள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் பொது. நான்காவது பாடம்தான் பயாலஜி, கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் என மாறும். டாக்டருக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டால், "எதற்கும் இருக்கட்டும்" என்று பயாலஜியைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படங்களை வரையும் நேரம் பிசிக்ஸ் கணக்குக்குத் தேவைப்படும்.

மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்க பி.யு.சி.யில் இடம் உண்டு. ஆனால் நீங்கள் சேரும் காலேஜில் தமிழ் நடத்த ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். வெளி மாநில போர்டில் படித்து வருவதால் டி.சி., மைக்ரேஷன் சான்றிதழோடு பி.யு. துறையின் தகுதிச் சான்றும் வாங்க வேண்டியிருக்கும். இதைக் காலேஜ் ஆபீசிலேயே சொல்வார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

இன்னொன்றையும் பெற்றோர் இப்போதே பார்த்துவிட வேண்டும். கர்நாடக அரசு இன்ஜினியரிங் சீட்டுக்கு, பொதுவான விதிப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து செகண்ட் பி.யு. வரைக்குள் குறைந்தது 7 வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்து வருகிற பிள்ளைக்கு அது இருக்காது. ராணுவம், மத்திய அரசு வேலை போன்ற சில நிலைகளில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உண்டு. கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் சி.இ.டி. (மாநில நுழைவுத் தேர்வு) கையேட்டில் உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று சேரும் வருடமே படித்து வையுங்கள். செகண்ட் பி.யு. மார்ச்சில் போய் இதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம்: வார்த்தைகள்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். இடது பக்கம் தமிழ்ப் புத்தகத்தில் படித்த சொல், வலது பக்கம் இங்கே லெக்சரர் சொல்லும் சொல். உந்தம் இங்கே மொமெண்டம். கணத்தாக்கு இம்பல்ஸ். திருப்புத்திறன் டார்க். முடுக்கம் ஆக்சிலரேஷன். ஒளிவிலகல் எண் ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் அலகையும் எழுதிவிடுங்கள், பிறகு உதவும். ஆங்கில மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இந்த நோட்டு வேண்டாமே என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்களிடம் நான் "வொர்க் என்றால் என்ன" என்று கேட்பேன். "வேலை செய்வது" என்பார்கள். சுவரை ஒரு மணி நேரம் தள்ளி வியர்த்தாலும் சுவர் நகராதவரை சுவர்மேல் செய்த வொர்க் பூஜ்யம்தான் என்றால் முகம் மாறும்.

இந்த ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் கஷ்டமான இடம் வரும்போது பல லெக்சரர்கள் தங்களை அறியாமல் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள், அதுவும் அன்பாகத்தான். பாதி வார்த்தை நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும். அங்கேதான் குழி. தமிழ்ப் புத்தகத்தில் வேகம் என்றால் ஸ்பீட், திசைவேகம் என்றால் வெலாசிட்டி. கன்னடத்தில் ஸ்பீடுக்கு 'ஜவ', வெலாசிட்டிக்குத்தான் 'வேக'. அவர் 'வேக' என்று சொல்லும்போது திசையையும் சேர்த்துச் சொல்கிறார், நம் பிள்ளை திசையை விட்டுவிட்டு எழுதிக்கொள்கிறது. முடுக்கம் 'வேகோத்கர்ஷ', விசை 'பல', நிறை 'திரவ்யராசி'. இந்த ஐந்து வார்த்தையும் நோட்டில் மூன்றாவது பத்தியாக இருக்கட்டும்.

அப்புறம் கேள்வியில் வரும் வினைச்சொற்கள். 'டிஃபைன்' என்றால் ஒரு வாக்கியம் போதும். 'ஸ்டேட்' என்றால் விதியை அப்படியே எழுத வேண்டும், விளக்கம் வேண்டாம். 'டிரைவ்' என்றால் படம் போட்டு, ஒவ்வொரு வரியாகச் சூத்திரத்தை வருவிக்க வேண்டும். 'டிஃபைன்' என்று கேட்டதற்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, 'டிரைவ்' வரும்போது நேரமில்லாமல் கடைசி வரியை மட்டும் எழுதி வைத்த பேப்பர்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

கணக்குப் பாடத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

இதை எந்தக் காலேஜிலும் முதல் நாளில் யாரும் சொல்வதில்லை. கர்நாடக பி.யு.சி. சயின்ஸுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டம்தான். பிசிக்ஸ் புத்தகத்தில் இரண்டாவது பாடம் நேர்கோட்டு இயக்கம். அதிலேயே டிஃபரன்சியேஷன் (வகையீடு) வந்துவிடுகிறது. ஆனால் மேத்ஸ் புத்தகத்தில் டிஃபரன்சியேஷன் பன்னிரண்டாவது பாடம். இன்டக்ரேஷனோ (தொகையீடு) செகண்ட் பி.யு.வில்தான். ஆக, ஜூலையில் பிசிக்ஸுக்கு வேண்டியதை மேத்ஸ் லெக்சரர் டிசம்பருக்கு மேல்தான் தொடுவார். பிள்ளை நடுவில் நின்று தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது.

தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். அவ்வளவுதான் தேவை. முதல் நான்கு நாள் பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுப்பது, சைன், காஸ், டேன் 30, 45, 60 டிகிரிக்கு, கூடவே 37, 53 டிகிரி (இவை 3, 4, 5 முக்கோணம்தான், தோராயமாக), ஒரு வெக்டரை இரண்டு கூறாகப் பிரிப்பது. இதெல்லாம் கைப்பழக்கம். மீதி ஆறு நாளும் வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும்.

வகையீடு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு கல் விழுகிறது, விழுந்த தூரம் 5 பெருக்கல் நேரத்தின் வர்க்கம் என்று வையுங்கள். இரண்டாவது விநாடி முடியும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு நீங்களே போடுங்கள். 2 விநாடியில் 20 மீட்டர். 2.1 விநாடியில் 22.05 மீட்டர். இடையில் 2.05 மீட்டர், அதை 0.1 விநாடியால் வகுத்தால் 20.5. இடைவெளியைக் குறைப்போம். 2.01 விநாடியில் 20.2005 மீட்டர். 0.2005-ஐ 0.01-ஆல் வகுத்தால் 20.05. இன்னும் குறைத்தால் 20.005. எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிகிறதல்லவா? 20-தான். "அடுக்கை முன்னால் கொண்டு வந்து பெருக்கு, அடுக்கில் ஒன்று குறை" என்கிற விதிப்படி 10 பெருக்கல் நேரம், அதாவது 10 பெருக்கல் 2. அதே 20. இதைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு அந்த விதியை நான் மனப்பாடம் செய்ய வைத்ததில்லை.

ஒரு கணக்கை எப்படிப் போடுவது

ஒரு பைக் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மழை நனைத்த ரோடு, சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் உராய்வுக் குணகம் 0.3. பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும்?

முதலில் படம். பைக் வரைய வேண்டாம், அழகாக வரையும் பிள்ளைகள் இங்கேயே ஐந்து நிமிடத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்டி போதும். கீழ்நோக்கி எடை, மேல்நோக்கி ரோடு தாங்கும் விசை, பின்னோக்கி உராய்வு. இங்கே பத்தில் ஏழு பேர் முன்னோக்கியும் ஒரு அம்பு போடுவார்கள். ஏன் என்று கேட்டால், "வண்டி முன்னாலதானே போகுது சார்." வண்டி போவது உண்மை. அதைத் தள்ளுவது யார்? பிரேக் போட்டாச்சு, யாரும் தள்ளவில்லை. திசைவேகம் விசை அல்ல. அந்த நான்காவது அம்பை ரப்பரால் அழிக்கவைத்த அன்றைக்குத்தான் பல பேருக்கு நியூட்டனின் முதல் விதி நிஜமாகப் புரிகிறது.

அடுத்து அலகு. 54-ஐ 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் விநாடிக்கு 15 மீட்டர். எண்களை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு எழுத்துக்களாலேயே போடுங்கள். உராய்வு விசை என்பது குணகம், நிறை, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல். அதை நிறையால் வகுத்தால் வேகம் குறையும் வீதம். நிறை அடிபட்டுப் போகிறது! எண்களை முதலிலேயே போட்டிருந்தால், நிறை கொடுக்கவில்லையே என்று கேள்வித்தாளை முறைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இந்தக் கணக்குப்படி பைக்கில் ஒருவர் போனாலும் மூன்று பேர் போனாலும் நிற்கும் தூரம் ஒன்றுதான். மூன்று பேர் போனால் டிராஃபிக் போலீஸ் வேறு விதமாக நிறுத்துவார், அது தனி.

நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, அந்த வீதத்தின் இரு மடங்கால் வகுத்தது. இப்போது எண்களைப் போடலாம். 0.3 பெருக்கல் 9.8, ஆக வேகம் குறையும் வீதம் 2.94. வேகத்தின் வர்க்கம் 225. அதை 2.94-இன் இரு மடங்கான 5.88-ஆல் வகுத்தால் 38.3 மீட்டர். எழுதி முடித்ததும் இது நடக்கிற எண்தானா என்று பாருங்கள். ஒரு பெரிய பி.எம்.டி.சி. பஸ் (இந்த ஊர் டவுன் பஸ்) 12 மீட்டர். மூன்று பஸ் நீளத்துக்கு வழுக்கும், மழையில் நடக்கக்கூடியதுதான். காய்ந்த ரோட்டில் குணகம் 0.7 என்று வைத்தால் 16.4 மீட்டர். விடை 3,800 மீட்டர் என்று வந்திருந்தால் அலகில் கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நாளைக்கு இப்படி நான்கு கணக்கு. முப்பது வேண்டாம். விடைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது கணக்கைப் 'பார்ப்பவர்கள்' பரீட்சையில் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். ஒரு கணக்கோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டி, வராமல், அப்புறம் விடையைப் பார்த்தால் அது மறக்காது.

லேப்

பிசிக்ஸுக்கு 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. அந்த 30-ஐ ரெக்கார்ட் நோட்டு அழகாக இருந்தால் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துச் சீனியரின் ரீடிங்கைப் பார்த்து எழுதுவது இங்கே ஊர் வழக்கம். நானும் செய்தவன்தான். நான் பி.யு.சி. படித்தபோது எங்கள் காலேஜ் லேப் சுவரில் ஒரு பாதரச பாரோமீட்டர் தொங்கும். ரீடிங் எடுத்து எழுதச் சொன்னார்கள். 68 சென்டிமீட்டர் காட்டியது. புத்தகத்தில் காற்றழுத்தம் 76 சென்டிமீட்டர் என்று இருக்கிறதே, கருவி பழசு, கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி 75.9 என்று எழுதிக் கொடுத்தேன். லெக்சரர் ஒருமுறை என்னைப் பார்த்தார். "இதை மெட்ராஸுக்குப் போய் எடுத்தியா?" என்றார், தமிழிலேயே. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 68 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். இதே காரணத்தால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 97-லேயே கொதித்துவிடும். ஊரிலிருந்து வந்த புதிதில் அம்மா, "இங்க பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தால் தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள். கருவி காட்டுவதை எழுதுங்கள். புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதற்குக் காரணம் தேடுங்கள், அதைத்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்.

வீட்டிலேயே செய்து பழக ஒரு சோதனை: தனி ஊசல். ஒரு கனமான நட்டை நூலில் கட்டி, கட்டிய புள்ளியிலிருந்து நட்டின் நடுவரை சரியாக ஒரு மீட்டர் வைத்துக் கதவு நிலையில் தொங்கவிடுங்கள். சின்னதாக ஆட்டிவிட்டு 20 அலைவுக்கு செல்போனில் நேரம் பாருங்கள். 40.2 விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிட்டால் 9.78 சொச்சம் வரும், அதுதான் இந்த ஊருக்கான மதிப்பு. உங்களுக்கு 10.8 வந்தால் எங்கே தவறு என்று நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்திருப்பீர்கள். அப்போது நடந்தது 19 அலைவுதான். "சுழியம்" என்று சொல்லி அழுத்துங்கள்.

திருகு அளவியில் (ஸ்க்ரூ கேஜ்) சுழிப் பிழை இன்னொரு வழக்கமான சறுக்கல். கம்பியின் அளவு 2.37 மில்லிமீட்டர் என்று காட்டுகிறது, ஆனால் ஒன்றும் வைக்காமல் மூடும்போதே 3 பிரிவு (பிரிவுக்கு 0.01 மில்லிமீட்டர்) கூடுதலாகக் காட்டியது என்றால் 0.03-ஐக் கழித்து 2.34 என்று எழுத வேண்டும். கம்பியை வைக்கும் முன்பே மூடிப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் போதும்.

செகண்ட் பி.யு. லேப் பெரும்பாலும் மின்சாரம். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், நான்கைந்து ரெசிஸ்டர், ஒரு டயோடு, கொஞ்சம் ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் வைத்துப் பாருங்கள், ப்ளக் பாயிண்ட் பக்கம் போக வேண்டாம். மீட்டர் பிரிட்ஜில் (மின்தடை அளக்கும் கருவி) ஊசி ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது என்று லேப்பில் விழிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எங்கோ ஒரு ஒயர் இறுகவில்லை, அவ்வளவுதான்.

செகண்ட் பி.யு.

புத்தகம் 14 பாடம், இரண்டு பாகம். முதல் பாகத்தின் எட்டுப் பாடத்தில் ஏழு மின்சாரமும் காந்தமும்தான், எட்டாவது மின்காந்த அலைகள். அதனால் முதல் பாடத்தில் மின்புலம் சரியாகப் புரியாதவர்கள் நவம்பர் வரைக்கும் தடுமாறுவார்கள். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மூன்று வாரம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. கடைசியில் வரும் அணு, அணுக்கரு, குறைக்கடத்தி பாடங்கள் சின்னவை, படிக்கச் சுலபம். நேரமில்லாதவர்கள் இவற்றைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

டிரைவேஷன்களுக்கும் கணக்குகளுக்கும் ஐந்து ஐந்து மதிப்பெண். டிரைவேஷனைப் படிக்காதீர்கள், எழுதுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் படம் வரைந்து ஆரம்பியுங்கள். நின்ற வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி. கோடு கீழே இறங்கிக்கொண்டே போகும்.

நுழைவுத் தேர்வுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கர்நாடக சி.இ.டி.யில் பிசிக்ஸ் 60 கேள்வி, 80 நிமிடம். ஒரு கேள்விக்கு 80 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். இன்ஜினியரிங் தரவரிசையில் பாதி சி.இ.டி., பாதி செகண்ட் பி.யு. மதிப்பெண். கோச்சிங் கோச்சிங் என்று போர்டு பரீட்சையைக் கைவிட்டவர்கள் அந்தப் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். நீட்டில் பிசிக்ஸ் 45 கேள்வி, தவறுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். அங்கே தெரியாததைத் தொடக் கூடாது. சி.இ.டி. பழக்கத்தோடு நீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நிரப்பி வந்த ஒரு பிள்ளையை நாங்கள் வீட்டில் ஒரு வாரம் தேற்ற வேண்டியிருந்தது.

போர்டு பரீட்சையில் சறுக்கினால் வருடம் போகாது. 2024 முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரீட்சை நடத்துகிறார்கள். எதில் மதிப்பெண் கூடுதலோ அதை வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை

ட்யூஷன் இல்லாத ஞாயிறு ஒன்றில் கஸ்தூரிபா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குப் போய் வாருங்கள். என்ஜின் கூடத்தில் பல்சக்கரங்களும் நெம்புகோல்களும் நிஜமாகச் சுழலும். சுழற்சி இயக்கம் பாடம் நடக்கும் மாதமாகப் பார்த்துப் போனால் நல்லது. ஹை கிரவுண்ட்ஸில் நேரு கோளரங்கம். இந்திய அறிவியல் கழகம் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடும், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். தேதியைக் கவனித்து வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டத்தில் நகர முடியாது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1933-இல் அந்தக் கழகத்துக்குத்தான் இயக்குநராக வந்தார், அப்புறம் கடைசிவரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. பழைய புத்தகம் வேண்டுமென்றால் அவென்யூ ரோடு. பிசிக்ஸ் புத்தகம் வாங்கும்போது என்.சி.இ.ஆர்.டி. புதிய பதிப்புதானா, பதினான்கு பாடம் இருக்கிறதா என்று பொருளடக்கத்தை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பழையதில் ஒரு பாடம் கூடுதலாக இருக்கும்.